கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவனும் பொரிவிளாங்காயும்

பாகு பதம் பார்ப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கோப்பைத் தண்ணீர் எப்போதும் அடுப்பங்கரையில் இருக்கும். கொதிக்கும் பனங்கட்டிப் பாகில் ஒரு சொட்டை அதில் விட்டால், கரைந்து போனால் இன்னும் காய வேண்டும். விரலால் உருட்ட வருமென்றால் இறக்கலாம். கோப்பையில் தட்டினால் ரிங் என்று சத்தம் வந்தால் பாகு முற்றிவிட்டது, அன்றைய பலகாரம் கல்லாகும். அம்மம்மா வெப்பமானி கண்டதில்லை. ஆனால் அவர் உருட்டும் பதம் என்று சொன்னது ஏறத்தாழ 112 பாகையிலிருந்து 120 பாகை வரையான சூடு என்று பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். தண்ணீர் ஆவியாகப் போகப் போகத்தான் பாகின் சூடு நூறைத் தாண்டி ஏறும். எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொட்டு காட்டுகிறது.

பால் ரொபிக்கும் இதே கணக்குத்தான். ஒரு ரின் பால், அரைக் கிலோ சீனி, கொஞ்சம் பட்டர், கஜு. அடிப்பிடிக்காமல் கை ஓயாமல் கிண்ட வேண்டும். பாலும் சீனியும் சேர்ந்து சிவந்து வரும்போது எழும் வாசத்துக்கு அயல்வீட்டுப் பிள்ளைகள் வேலியடிக்கு வந்துவிடுவார்கள். ஆனால் நான் இங்கே எழுத வந்தது ரொபியைப் பற்றி அல்ல. அதற்கு மூத்த பலகாரமான பொரிவிளாங்காயைப் பற்றியும், அதன் சிங்கள உறவுக்காரியை 340 வருடங்களுக்கு முன்னர் எழுதி வைத்த ஒரு மனிதனைப் பற்றியும்.

2006ஆம் ஆண்டு நாங்கள் கட்டைபறிச்சானை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா எடுத்த சாமான்களில் ஒரு பழைய பிஸ்கற் ரின்னும் இருந்தது. அதற்குள் பொரிவிளாங்காய். வறுத்த சிவப்பரிசி மா, வறுத்த பயற்றம் மா, மிளகு, ஏலக்காய், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டிப் பாகு. சூட்டோடு சூடாக உருட்டினால்தான் உருண்டை பிடிக்கும். ஆறினால் மா உதிரும். அதனால் உருட்டுகிறவரின் உள்ளங்கை சிவந்துதான் இருக்கும். ஒருநாள் போனால் பல்லுடைக்கும் அளவுக்கு இறுகிவிடும். ஆனால் கெடாது. வெருகலைக் கடந்து வாகரைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மட்டக்களப்புப் பக்கம் போகும் வரைக்கும் அந்த ரின்னில் கடைசி மூன்று உருண்டைகள் இருந்தன. தம்பி ஒன்றை ஒரு நாள் முழுக்க வாயில் வைத்திருந்தான்.

ஊருக்குத் திரும்பிச் சில வருடங்களின் பின்னர், ஒரு நூலகத்தில் றொபேட் நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாட்டவர் உண்ணும் பண்டங்களைச் சொல்லுமிடத்தில் அந்த ரின் திறந்தது போலிருந்தது. வறுத்த அரிசி, கருப்பட்டி, மிளகு, ஏலம், சிறிது கறுவா. உருண்டையாக உருட்டுவார்கள், இறுகிப் போகும் என்று எழுதியிருக்கிறார். சிங்களவர் அக்கலா என்று சொல்வது அது. பயறு இல்லை, கறுவா கூட. மற்றப்படி எங்கள் பொரிவிளாங்காயின் தங்கச்சி என்று சொல்லலாம். அதே பக்கத்தில் இன்னொரு பண்டம்: அரிசி மாவையும் கருப்பட்டியையும் குழைத்து, இலையில் வைத்துப் பெருவிரலால் தட்டி, தேங்காய் எண்ணெயில் பொரிப்பது. அவர்களுக்கு அது கெவும். எங்கள் அரியதரம் சுடுகிறவர்களுக்கு இலையும் பெருவிரலும் புதிதல்ல.

இதை எழுதியவர் பிடிபட்ட இடம் எங்கள் வீட்டிலிருந்து பாலம் கடந்து போகிற தூரந்தான். மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று சொல்லப்பட்ட புளியடி. 1893இல் நாட்டிய நினைவுக்கல்லில் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதை ஒரு வெள்ளைக்காரன் கதையாகத்தான் கேட்டோம். ரொபின்சன் குரூசோ எழுதிய டானியல் டீபோவுக்கு இவர் கதை உதவியது என்று ஆசிரியர் சொல்லுவார். அத்தோடு பாடம் முடியும். இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு வாசிக்கும்போது வேறொன்று தெரிந்தது. அது ஒரு தகப்பனையும் மகனையும் பற்றிய கதை.

நொக்ஸ் 1641 பெப்ரவரி 8இல் லண்டனில் பிறந்தவர். தகப்பனுக்கும் அதே பெயர், றொபேட் நொக்ஸ், கப்பல் தலைவர். பதினான்கு வயதிலேயே மகன் தகப்பனோடு கடலுக்குப் போய்விட்டான். ஆன் என்ற கப்பலில் கிழக்கிந்தியக் கம்பனிக்காக 1658இல் மறுபடி புறப்பட்டார்கள். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் முறிந்தது. புது மரம் வெட்டவும் அந்த இடைவெளியில் கொஞ்சம் வியாபாரம் செய்யவும் கொட்டியாரக் குடாவுக்குப் போகும்படி பணித்தார்கள். நல்ல மரமும் நல்ல தண்ணீரும் பாதுகாப்பான துறையும் இங்கே இருந்தன. ஊர்ச் சனத்தோடு அவர்களுக்குத் தகராறு எதுவும் இருக்கவில்லை.

அந்த நேரம் கண்டியை ஆண்டவர் இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்து, அவர்கள் போர்த்துக்கேயரின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டதைப் பார்த்து எரிச்சலில் இருந்த அரசன். வந்திறங்கிய ஆங்கிலேயர் அரசனுக்கு ஓலையும் அனுப்பவில்லை, காணிக்கையும் அனுப்பவில்லை. படையோடு ஒரு திசாவை வந்தான். கப்பல் தலைவரை விருந்தாளி போல அழைத்து, புளியமரத்தின் கீழ் இருந்தவரைச் சூழ்ந்து பிடித்தார்கள். மரம் வெட்டப் போனவர்களும் அகப்பட்டார்கள். பதினாறு பேரளவில். 1660 ஏப்ரல் 4.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அந்தப் பக்கத்தில் நிறுத்தி வைத்தது. கப்பலையும் கரைக்குக் கொண்டுவரச் செய்ய வேண்டும் என்பது திசாவையின் எண்ணம். அந்தச் செய்தியோடு மகன் நொக்ஸைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். தகப்பன் மகனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: தன்னைத் தனியே விட்டுவிடாமல் திரும்பி வர வேண்டும். மகன் கப்பலில் ஏறினான். அங்கிருந்தவர்களிடம் நிலைமையைச் சொன்னான், கப்பலைக் கரைக்குக் கொண்டுவர வேண்டாம், காவலோடு இருங்கள் என்றும் சொன்னான். பத்தொன்பது வயது. காலடியில் கப்பல், முன்னால் திறந்த கடல். அவன் படகில் ஏறித் தகப்பனிடம் திரும்பி வந்தான். கொஞ்ச நாளில் கப்பல் பாய் விரித்துப் போய்விட்டது.

நான் இதைப் படித்தபோது எங்கள் பக்கத்தில் திரும்பிப் போனவர்களை நினைத்தேன். மாட்டை அவிழ்த்துவிட, கிழவியைத் தூக்கிவர, தகப்பனைத் தேட என்று ஷெல்லுக்குள் திரும்பிப் போனவர்கள். சிலர் வந்தார்கள். சிலரைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை.

கைதிகளை மலைநாட்டுக்குக் கொண்டுபோய் ஊருக்கு ஒருவராகப் பிரித்து விட்டார்கள். தகப்பனையும் மகனையும் மட்டும் ஒன்றாகப் பண்டார கொஸ்வத்தையில் விட்டார்கள். சிறைக்கூடம் இல்லை, விலங்கு இல்லை. ஊரவர் முறைவைத்துச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது அரச கட்டளை. ஆனால் ஊரை விட்டுப் போக முடியாது. அது காய்ச்சல் ஊர். இருவருக்கும் மலேரியா. தகப்பனுக்கு அது மாதக்கணக்கில் இழுத்தது. அந்த மனிதரை உருக்கியது காய்ச்சலை விட, தன் அழைப்பால் மகனும் அகப்பட்டுப் போனான் என்ற நினைவுதான் என்று மகன் எழுதுகிறான். 1661 பெப்ரவரி 9இல் தகப்பன் இறந்தார். மகனுக்கு இருபது வயது நிறைந்ததன் மறுநாள்.

மகனும் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தான். கூட இருந்தது ஒரு வேலைக்காரப் பையன் மட்டும். பிணத்தைத் தூக்க ஊரவரிடம் உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்து, கழுத்தில் போட்டுக் காட்டுக்கு இழுத்துப் போகச் சொன்னார்கள். அது கொடுமை என்பதற்காக மட்டும் செய்ததென்று நான் நினைக்கவில்லை. பிணத் தீட்டு, அந்நியனின் பிணம், அந்தக் காலத்து வழக்கம். ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த விளக்கம் எதற்கு? கையிலிருந்த காசில் ஒருவனைக் கூலிக்குப் பிடித்துத் தகப்பனைப் புதைத்தான். வாகரையில் அவசரமாகத் தோண்டிய குழிகளைப் பார்த்தவர்கள் இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

பிறகு பத்தொன்பது வருடம். எல்லாவற்றையும் சொல்ல இங்கே இடமில்லை. வயிற்றுப்பாட்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முகாமில் இருந்தவர்களுக்கு அது விளங்கும். ஊரவர் சமைத்த சோற்றைக் கொடுத்தபோது, ஆங்கிலேயக் கைதிகள் அரிசியாகவே தரும்படி கேட்டார்கள். அரிசியாகக் கிடைத்தால் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து, மாற்றி, துணி வாங்கலாம். நிவாரண மாவிலும் பருப்பிலும் ஒரு பங்கைக் கடையில் கொடுத்து எங்கள் தாய்மார் சீனியும் தேங்காயும் வாங்கியது இதே கணக்கு. சம்பூர்ச் சனம் எங்கள் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களிலும் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே வருடக்கணக்கில் இருந்தபோது, சித்திரை வருடப் பிறப்புக்குப் பலகாரம் எப்படிச் சுட்டார்கள் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் அதிசயப்பட்டார்கள். இப்படித்தான் சுட்டார்கள்.

பிறகு நொக்ஸ் தொப்பி பின்னக் கற்றுக்கொண்டார். நூலுக்கு மூன்று பென்ஸ் செலவு, தொப்பி ஒன்பது பென்ஸுக்குப் போகும். கைதிகள் எல்லோரும் பின்னத் தொடங்கியதும் விலை விழுந்தது. பன்றி, கோழி வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். எலதெத்தவில் 25 லாரின் கொடுத்து ஒரு காணி வாங்கி வீடு கட்டினார். ஒருநாள் ஒரு கிழவர், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது கிடைத்ததென்று ஓர் ஆங்கில வேதாகமத்தைக் கொண்டுவந்தார். தொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கினார். தகப்பனைப் புதைத்த பிறகு அவர் வாழ்வில் வந்த பெரிய ஆறுதல் அது என்று அவர் எழுத்திலிருந்து தெரிகிறது.

தோழர்கள் பலர் ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டியோடு ஊன்றிவிட்டார்கள். நொக்ஸ் கட்டவில்லை. கட்டினால் கால் நிலத்தில் இறங்கிவிடும் என்ற பயம். ஆனால் ஓர் ஆங்கிலேயத் தோழனின் மகளை எடுத்து வளர்த்தார். லூசியா என்று பெயர். தப்பிப் போன பிறகு லண்டனிலிருந்து கடிதம் எழுதி, எலதெத்தக் காணியை அவளுக்குக் கொடுத்தார்.

இந்த வருடங்களில்தான் அவர் பார்த்தார், தின்றார், மனதில் வைத்தார். கித்துள் பாளையைச் சீவி நாளுக்கு மூன்று நான்கு கலன் இனிப்புச் சாறு எடுப்பதையும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதையும் எழுதியிருக்கிறார். எங்கள் கரையில் கித்துள் இல்லை, பனைதான். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீர் இறக்குவோம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் வேறு, பதம் ஒன்று. ஒல்லாந்தர் பற்றிய ஒரு பகிடியும் அவர் புத்தகத்தில் உண்டு. அவர்கள் கொழும்புக்கு முதலில் வந்தபோது அரசன் கெவும் செய்வித்து விருந்தாக அனுப்பினானாம். தின்றுபார்த்த ஒல்லாந்தர், மனிதக் கை இப்படிச் செய்ய முடியாதென்று எண்ணி, இது மரத்தில் காய்க்கிறதா என்று கேட்டார்களாம். நாட்டார் சொன்ன கதையாகத்தான் எழுதுகிறார். அடுப்பங்கரையில் நின்ற பெண்கள் அந்நியனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அதில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைத் தன் இனத்தாரைப் போன்ற வெள்ளைக்காரர்கள் மேல் வைத்த பகிடி என்று தெரிந்தே எழுதியதும் பிடித்திருக்கிறது.

தப்பும் வழியை அவர் அவசரப்பட்டுத் தேடவில்லை. தலைச்சுமை வியாபாரியாகி, தொப்பி, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான்களைக் கொண்டுபோய்ப் பருத்தி நூலுக்கு மாற்றிக்கொண்டு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே போய் வழி பழகினார். வியாபாரியை யார் தடுப்பார்கள்? 1679 செப்ரெம்பர் 22இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு கடைசித் தடவை வெளிக்கிட்டார். அநுராதபுரத்தை அடைந்தபோது அங்கே இருந்தவர்களுக்குச் சிங்களம் விளங்கவில்லை. தமிழ் பேசுகிறவர்கள். நொக்ஸுக்குத் தமிழ் தெரியாது. இந்தச் சிறு குறிப்புக்காகவே அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. நொக்ஸுக்கு அது வரலாற்று வாதம் அல்ல, பிடிபடுவோமா இல்லையா என்ற பயம்.

அங்கிருந்து மல்வத்து ஓயாவை, நாங்கள் அருவியாறு என்று சொல்வதை, பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் இறங்கினார்கள். தாளிப்பனை ஓலையின் கீழ் மழைக்கு ஒதுங்கி, இரவில் நெருப்பு மூட்டி யானைக்குக் காவலிருந்து, ஒரு மனிதரும் கண்ணில் படாதிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு நடந்தார்கள். கலங்கிய குட்டைத் தண்ணீர் வயிற்றைக் கெடுக்காமலிருக்கக் கஞ்சா இலையை மென்றதாகவும் எழுதியிருக்கிறார். பின்னர் லண்டனில் றொபேட் ஹூக் என்ற விஞ்ஞானியிடம் அந்த இலையைப் பற்றிச் சொல்லி, ஹூக் அதை 1689இல் அறிஞர் சபையில் விளக்கிப் பேசினார். ஒக்டோபர் 18இல் மன்னார்க் கரையில் அரிப்பு ஒல்லாந்தக் கோட்டை வாசல்.

1680 செப்ரெம்பரில் லண்டன். முப்பத்தொன்பது வயது. மறு வருடம் 1681இல் புத்தகம் வெளிவந்தது. முன்னுரை ஹூக் எழுதினார். ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளுக்கும் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் போய்விட்டது.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நொக்ஸ் நிற்கவில்லை, நானும் மறைக்கக் கூடாது. கம்பனி அவரைத் தொன்கின் மேர்ச்சன்ற் என்ற கப்பலுக்குத் தலைவராக்கியது. 1680களில் அந்தக் கப்பலோடு மடகஸ்காருக்குப் போய் அடிமைகளை வாங்கி சென். ஹெலினாத் தீவுக்குக் கொண்டுபோனார். பத்தொன்பது வருடம் தன் விருப்பமின்றி அந்நிய நிலத்தில் வைக்கப்பட்ட மனிதன். மாட்டுக் கயிற்றைக் கண்டு உடைந்துபோன மகன். அவருக்கு அந்தக் கப்பலின் அடித்தட்டில் இருந்தவர்கள் வேறு யாராகவோ தெரிந்தார்கள். முதல் தடவை இதை அறிந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். துன்பப்பட்டவர்கள் அதனாலேயே நல்லவர்களாகிவிடுவதில்லை என்பது நமக்கும் தெரியும், நம்மிடையேயும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் கசந்தது. சில மாதம் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். பண்டங்களின் பக்கத்தைத்தான் திறந்தேன்.

சாகும்வரை அவர் இலங்கையை விடவில்லை. தன் புத்தகத்தின் ஒரு பிரதியில் இடையிடையே வெற்றுத்தாள் வைத்துக் கட்டி, நினைவுக்கு வந்ததை எல்லாம் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கையெழுத்துக் குறிப்புகளில் ஒரு பகுதி 1911இல்தான் அச்சானது. டீபோவின் குரூசோ 1719இல் வெளிவந்தது. அடுத்த வருடம், 1720 ஜூன் 19இல், நொக்ஸ் இறந்தார். விம்பிள்டனில் அடக்கம் செய்தார்கள். தகப்பனுக்குக் கிடைக்காத மணிச்சத்தமும் சுமப்போரும் அவருக்கு இருந்திருப்பார்கள்.

போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் அம்மாவும் நானும் பொரிவிளாங்காய் செய்தோம். அம்மாவுக்கு இப்போது கை தாங்காது. அதனால் அவர் கோப்பையைப் பிடித்துப் பதம் சொல்ல, உருட்டுவது நான். ஒரு பாதிக்கு நொக்ஸ் எழுதியபடி கறுவாத் தூள் சேர்த்துப் பார்த்தேன். அம்மா ஒன்றை வாயில் போட்டு, இது எங்கள் பலகாரம் இல்லை, ஆனால் கூடாதென்றும் இல்லை என்றார். மற்றப் பாதியைப் பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கி மூடி, கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தார். வீட்டில் தட்டும் அலுமாரியும் வந்து பதினைந்து வருடமாகிறது. ரின் இன்னும் கட்டிலுக்கடியில்தான், கைக்கு எட்டுகிற பக்கமாக.